இடது காது

மூன்றாவது தடவையாகப் பெரிய சூட்கேஸைத் திறந்து, உள்ளே அடுக்கியிருந்த அத்தனையையும் கட்டில்மேல் கொட்டினாள் செண்பகவல்லி. மணி ஏழுதான். ஒன்பதுக்கு ஆட்டோ வரும், பத்தரைக்கு துர்க் ஸ்டேஷனில் ரயில், ஏறிவிட்டால் இரண்டு பகல் இரண்டு ராத்திரி, மூன்றாம் நாள் விடியும்போது திருநெல்வேலி, அங்கிருந்து பஸ்ஸில் அம்பாசமுத்திரம், அதற்கு மறுநாள் கல்யாணம். கல்யாணத்துக்குக் கிளம்புகிற வீடு மாதிரியா இருக்கிறது இது? பிலாய்க்கு வந்த இந்தப் பதினெட்டு வருஷத்தில் எத்தனையோ தடவை ஊருக்குக் கிளம்பியிருக்கிறாள். ஒரு மணி நேரத்தில் பெட்டியைக் கட்டி மூலையில் நிறுத்திவிட்டு, மிச்ச நேரத்தில் குவார்ட்டர்ஸ் வரிசை முழுக்கச் சொல்லிக்கொண்டு வருகிற ஆள்தான். இந்தத் தடவை மூன்று நாளாகக் கட்டியும் கட்டு நிற்கவில்லை. காரணம் தெரியாமலும் இல்லை. பெட்டி இரண்டு. சின்னது அவளுக்கும் அவள் புருஷன் நயினாருக்கும், அது போய்விட்டு வருகிற பெட்டி. பெரியது சாலுவுக்கு, அது போகிற பெட்டி, வராது. அவள் கை என்னவோ சாலுவின் சட்டைகளைச் சின்னப் பெட்டிக்குள்ளேயே வைத்துக்கொண்டிருந்தது. நயினார் அதை எடுத்துப் பெரிய பெட்டியில் வைப்பார். அவர் அந்தப் பக்கம் போனதும் அவள் எல்லாவற்றையும் கொட்டி மறுபடி முதலிலிருந்து தொடங்குவாள். நாற்பத்தாறு வயதுப் பெண்பிள்ளை செய்கிற காரியமா இது என்று அவளுக்கே வெட்கமாக இருந்தது, ஆனாலும் கொட்டினாள்.

சாலு அவள் பெற்ற பிள்ளை இல்லை. தங்கை கோமதி பெற்றது. விசாலாட்சி என்று பேர், கூப்பிடுவது சாலு, வருகிற சித்திரையில் ஆறு முடிகிறது. கல்யாணம் யாருக்கு என்றால் கோமதியின் புருஷன் சிவசைலத்துக்கு. செத்துப்போன தங்கையின் புருஷன் இன்னொருத்திக்குத் தாலி கட்டுவதைப் பார்க்க, தங்கை பெற்ற பிள்ளைக்குப் பட்டுப்பாவாடை கட்டி அழைத்துப்போகிறாள் அக்காக்காரி. கேட்கிறவர்கள் சிரிக்கக்கூடச் செய்வார்கள், செய்யட்டும். சிவசைலத்தைக் குறை சொல்லவும் மனசு வரவில்லை. மின்சார வாரியத்தில் வேலை பார்த்துக்கொண்டு மூன்றரை வருஷம் ஓட்டல் இட்லியிலேயே காலம் தள்ளினான். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் போன் பண்ணி, "மதினி, பாப்பா என்ன செய்யுதா?" என்று கேட்டான். கெட்டவனாக இருந்திருந்தால் எவ்வளவு வசதியாக இருந்திருக்கும், பிள்ளையைத் தர மாட்டேன் போடா என்று சொல்லியிருக்கலாம். அவன் நல்லவனாக இருந்து தொலைத்தான். "இனி வீட்டுல ஒரு ஆள் இருக்கும்லா மதினி, பாப்பாவை எங்கூடவே வச்சுக்கிடுதேனே" என்று அவன் கேட்டபோது அந்தக் குரலில் அதிகாரமே இல்லை, கெஞ்சல்தான் இருந்தது. பெற்ற அப்பன் கெஞ்சினால் என்ன சொல்வது? சரி என்றாள். சரி என்று சொன்ன வாய்தான் அப்புறம் அந்த வார்த்தையையும் சொன்னது. வேண்டாம், அதை இப்போது நினைக்க வேண்டாம், முதலில் துணி.

ஸ்வெட்டர். தை மாதக் குளிர், ஜன்னலுக்கு வெளியே கொய்யா மரம் பனியில் பாதிதான் தெரிந்தது, பிள்ளைக்கு ஸ்வெட்டர் போடாமல் ஸ்டேஷனுக்குக் கூட்டிப்போக முடியாது. ஆனால் அம்பாசமுத்திரத்தில் ஸ்வெட்டர் எதற்கு? விஜயவாடா தாண்டினாலே கழற்றிவிட வேண்டியதுதான். கழற்றினால் எந்தப் பெட்டியில் வைப்பது? அங்கே ஆகாத சாமான், அதனால் அவளோடு திரும்பி வரும். போகும்போது பிள்ளை மேல், வரும்போது பெட்டிக்குள். திரும்பி வந்து அதை எங்கே மாட்டுவாள், இதே ஆணியிலா, அடுத்த தை வரைக்கும் அதே ஆணியிலா? சிவப்பு ஸ்வெட்டரைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். கைப் பக்கம் ஜாம் கறை இருந்தது. துவைத்திருக்கலாம், துவைக்காமல் விட்டது நல்லது என்றும் பட்டது. அதை நாற்காலியில் போட்டுவிட்டுப் பட்டுப்பாவாடையை எடுத்தாள். அரக்கு நிறம், பச்சைக் கரை. இங்கத்து டெய்லருக்கு டக்கு வைத்துத் தைப்பது விளங்கவில்லை, ராத்திரி ராத்திரியாக அவளே கையால் தைத்தாள். இடுப்புக்குக் கீழே மூன்று மடிப்பு. பிள்ளை வளர வளர வருஷத்துக்கு ஒரு மடிப்பைப் பிரித்துவிட்டால் ஏழு வயதுக்கும் ஆகும், எட்டு வயதுக்கும் ஆகும், ஒன்பதுக்கும் ஆகும். கோமதிக்கு அப்படித்தான் தைத்துக் கொடுத்தாள், அம்மா சீக்காளியாகிப் படுத்துவிட்ட வீட்டில் பன்னிரண்டு வயது இளைய தங்கைக்கு அம்மா வேலையெல்லாம் அவள்தான் பார்த்தாள். பழக்கத்தில் மூன்று மடிப்பு வைத்துவிட்டாளே தவிர, யார் பிரிப்பார்கள் என்று யோசிக்கவில்லை. சிவசைலத்துக்கு வரப்போகிற அந்தப் பெண்ணுக்கு மடிப்பு இருப்பது தெரியுமா? சொன்னால் தெரியும். சொன்னால் எழுதிக்கொள்வாள். ஐயோ, எழுதிக்கொள்வாளே, எதைச் சொன்னாலும் எழுதிக்கொள்வாளே அவள்.

பத்து நாளைக்கு முன்னால் அந்தப் பெண் போன் பண்ணினாள். வடிவு, முப்பத்து நாலு வயது, கல்லிடைக்குறிச்சியில் ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சர், அப்பா இல்லாத வீட்டில் தம்பிமாரைப் படிக்கவைத்து ஆளாக்கியதில் கல்யாணம் தள்ளித் தள்ளிப் போய் இப்போதுதான் அமைகிறது. "அக்கா, நான் வடிவு பேசுதேன்" என்று தொடங்கியபோதே அந்தக் குரலில் ஒரு நடுக்கம் இருந்தது, அந்த நடுக்கம்தான் செண்பகவல்லிக்குப் பிடிக்காமல் போயிற்று. திமிராகப் பேசியிருந்தால் பொறுத்துக்கொண்டிருப்பாள். "பிள்ளைக்கு எது புடிக்கும், எது ஆகாது, எப்படித் தூங்கவைக்கணும்னு நீங்கதான்க்கா சொல்லணும். ஒரு நோட்டு எடுத்து வச்சிருக்கேன், நீங்க சொல்லச் சொல்ல எழுதிக்கிடுதேன்." மூன்றரை வருஷம் ராத்திரியும் பகலுமாகப் படித்த பாடத்தை ஒரு நோட்டில் எழுதிக்கொண்டு போக வந்திருக்கிறாளாம். பருப்புச் சாதம் பிடிக்கும், தக்காளித் தோல் நாக்கில் பட்டால் துப்பிவிடுவாள், இருமல் வந்தால் ராத்திரிக்கு வெந்நீர் வேண்டும், எல்லாம் ஒழுங்காகச் சொன்னாள். தூங்கவைப்பது என்று வந்தபோதுதான் வாய் திரும்பிக்கொண்டது. "அவளைத் தொட்டா அவளுக்குப் புடிக்காது. கட்டிப் புடிக்கிறது, தலையைத் தடவுறது, பக்கத்துல படுக்கிறது எதுவும் ஆகாது. தனியா விட்டுரு. அவளாத் தூங்கிருவா." அந்தப் பக்கம் பேனா கிறுக்குகிற சத்தம் கேட்டது. அப்புறம், "சரிக்கா. எழுதிக்கிட்டேன்."

எழுதிக்கிட்டேன். பத்து நாளாக அந்த ஒரு வார்த்தை செண்பகவல்லியோடு கூடவே எழுந்து கூடவே படுக்கிறது. பொய், பச்சைப் பொய். சாலுவுக்கு ஆள் இல்லாமல் தூக்கம் வராது. பக்கத்தில் படுக்க வேண்டும், படுத்தால் மட்டும் போதாது, கையால் துழாவி அந்த ஆளின் காதைப் பிடித்துக்கொள்ள வேண்டும். காதுமடலின் அடியில், தோடு போடுகிற அந்த மெத்தென்ற இடத்தை இரண்டு விரலால் பிடித்து உருட்டிக்கொண்டே இருப்பாள், உருட்டுவது நின்றால் தூங்கிவிட்டாள் என்று அர்த்தம். இது தெரிந்துதான் பொய் சொன்னாள். கணக்காக யோசித்துத்தான் சொன்னாள், வாய் தவறியது என்று தன்னிடமே சொல்லிப் பார்த்தும் ஒட்டவில்லை. பிள்ளை அங்கே ஒட்டக்கூடாது. ராத்திரி அழ வேண்டும், மறுநாள் ராத்திரியும் அழ வேண்டும், பத்தாம் நாள் சிவசைலம் போன் பண்ணி, "முடியல மதினி, வந்து கூட்டிட்டுப் போங்க" என்று சொல்ல வேண்டும், அவள் அன்றைக்கே ரயிலேற வேண்டும். அந்தப் போன் மணி அடிப்பது வரைக்கும் அழகாக யோசித்து வைத்திருந்தாள். அதற்கு நடுவில் பத்து ராத்திரி இருக்கிறது என்பதை யோசிக்கவில்லை. இருட்டில் ஒரு சின்னக் கை தலையணைமேல் தேடும். சுவரைத் தொடும். போர்வையின் நுனியைப் பிடித்துப் பார்க்கும், அது இல்லை என்று விட்டுவிடும். கூப்பிடவும் கூப்பிடாது, சாலு அழுதால் சத்தம் போட்டு அழுகிற பிள்ளை இல்லை, மூக்கை உறிஞ்சிக்கொண்டு கிடக்கும். அடுத்த அறையில் அந்தப் பெண், தொட்டால் பிள்ளைக்குப் பிடிக்காது என்று நோட்டில் எழுதி வைத்ததை மதித்து, எழுந்து வராமல் படுத்திருப்பாள். தூ, நான் ஒரு மனுஷியா என்று செண்பகவல்லி வாய்விட்டே சொன்னாள்.

"என்னட்டி?" என்றார் நயினார் கூடத்திலிருந்து.

"ஒண்ணுமில்ல. புளியோதரை டப்பாவைப் பையில வச்சாச்சா?"

"வச்சாச்சு. நீ இன்னும் பெட்டியவே முடிக்கலையா? ஆட்டோக்காரன் வந்து நின்னா அவன்கூடயும் நாந்தான் பேச்சுக் குடுத்துக்கிட்டு நிக்கணும்."

முடித்தாள். ஒவ்வொன்றாக எடுத்து வைத்தாள், இந்தத் தடவை சாலுவின் சட்டைகள் எல்லாம் பெரிய பெட்டிக்கே போயின, எல்லாவற்றுக்கும் மேலே அந்தப் புடவை. மூத்தாளுக்குப் புடவை வைப்பது என்று அவர்கள் பக்கத்தில் ஒரு வழக்கம். இரண்டாம் தாரமாக வருகிறவளுக்குத் தாலி ஏறுவதற்கு முன்னால், இறந்துபோன முதல் தாரத்தின் பேரில் ஒரு புதுப்புடவையை விளக்குக்கு முன் வைத்துக் கும்பிட்டு, அவள் பிறந்த வீட்டுப் பெண் ஒருத்தி அதை எடுத்துப் புதுப்பெண்ணின் கையில் கொடுக்க வேண்டும். அதை வாங்கிக் கட்டிக்கொண்டால் அவளும் அந்த வீட்டு மகள் ஆகிறாள், தலைதீபாவளிக்குக்கூட அங்கே வரலாம். அப்பா அம்மா போய்விட்டார்கள், பிறந்த வீடு என்று மிச்சம் இருப்பது செண்பகவல்லி ஒருத்திதான். அவள் போகாவிட்டால் புடவை எடுத்துக் கொடுக்க ஆள் இல்லை. ராய்ப்பூர் கடையில் கத்திரிப்பூ நிறத்தில் ஒரு புடவையை எடுத்துப் போட்டார்கள், கோமதி பார்த்தால் கடையிலேயே கட்டிக்கொண்டு வந்துவிடுகிற நிறம். அதை ஒதுக்கிவிட்டுப் பாசிப்பச்சை எடுத்தாள். கோமதிக்குப் பச்சை பிடிக்காது. வருகிறவள் கோமதி மாதிரித் தெரிந்துவிடக் கூடாது என்கிற அற்பத்தனம்தான், வேறென்ன. புடவையில்தான் அற்பத்தனம் காட்டியாயிற்றே, அத்தோடு நிறுத்தியிருக்கலாம், பிள்ளையின் ராத்திரியில் போய்க் கை வைத்தாயே என்று உள்ளே ஒரு குரல் இடித்துக்கொண்டே இருந்தது.

பெட்டியை மூடிவிட்டுக் கண்ணாடி முன் வந்தாள். ரயிலுக்கு ஒரு வாயில் புடவை, அதைக் கட்டி முடிக்க இரண்டு நிமிஷம். தலையைக் கோதிக் கொண்டை போட்டாள், பொட்டு வைத்தாள். தோடுதான் பாக்கி. சிவப்புக்கல் தோடு, அவள் கல்யாணத்துக்கு அப்பா போட்டது. வலது காதில் எப்போதும் இருக்கும். இடது காதில் மூன்றரை வருஷமாக வேப்பங்குச்சிதான், துளை தூர்ந்துபோகாமல் இருக்க ஒரு துணுக்கு. நயினார் அவளை ஒத்தைக் காதுக்காரி என்று கேலி பண்ணுவார். கல்யாண வீட்டில், அதுவும் இந்தக் கல்யாணத்தில், ஒற்றைத் தோட்டோடு போய் நிற்க முடியாது. குச்சியை எடுத்துவிட்டுத் தோட்டின் தண்டை நுழைத்தாள். போகவில்லை. எண்ணெய் தொட்டு நுழைத்தாள். காது சுர்ரென்று வலித்தது. அந்த இடத்தில் இன்னும் ஒரு சின்ன விரலின் சூடு இருக்கிற மாதிரி இருந்தது, விடியற்காலை வரைக்கும் பிடித்துக்கொண்டிருந்த விரல்.

முதலில் பிடித்தது கோமதியின் விரல். அம்மா படுத்த படுக்கையானபோது கோமதிக்கு இரண்டு வயது, அக்காவின் காதைப் பிடித்துக்கொண்டுதான் தூங்கினாள், பத்து வயது வரைக்கும் அப்படித்தான். தன் கல்யாணத்துக்கு முந்தின நாள் மத்தியானம் மண்டபத்து அறையில் பக்கத்தில் வந்து படுத்து, இருபத்து நாலு வயதுக் கழுதை, சிரித்துக்கொண்டே காதைப் பிடித்தாள். "கடைசியா ஒரு தடவைக்கா." கடைசியாக ஒரு தடவை என்று எதற்குச் சொன்னாள், அப்படியா சொல்வார்கள். காய்ச்சல் என்று ஒன்பது நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தாள். தகவல் வந்ததும் செண்பகவல்லி அரை மணியில் பெட்டி கட்டினாள், ஒரு மாசம் கூட இருந்து கவனிக்கிற நினைப்பில் ஃப்ளாஸ்க், கஞ்சி வைக்கப் புழுங்கலரிசி நொய், கோமதிக்கு இரண்டு நைட்டி. இரண்டு பகல் இரண்டு ராத்திரி ரயிலில் வந்து இறங்கினால் கூடத்தில் வடக்கே பார்த்துத் தலை வைத்துக் கிடத்தியிருந்தார்கள். குனிந்து அந்தக் கையை எடுத்துத் தன் காதில் வைத்துக்கொள்ள வேண்டும் என்று அவளுக்குத் தோன்றியது. வேறு ஒன்றுமே தோன்றவில்லை, அது மட்டும்தான் தோன்றியது. சுற்றிலும் ஆட்கள் இருந்தார்கள். என்ன நினைப்பார்களோ என்று வெட்கப்பட்டுக்கொண்டு சும்மா நின்றாள். நாலு பேருக்கு வெட்கப்பட்டு அந்தக் கையை விட்டாள், அதை இன்னும் அவளால் தாங்க முடியவில்லை. காரியம் முடிந்து சாலுவைத் தூக்கிக்கொண்டு திரும்புகிற ரயிலில், அம்மா அம்மா என்று அழுது ஓய்ந்த பிள்ளை இருட்டில் கையால் துழாவி, யாரும் சொல்லிக்கொடுக்காமல், அவள் இடது காதைப் பிடித்தது. தோட்டின் திருகாணி விரலில் கீறிவிட்டது. வீல் என்று கத்தியது. அவள் உடனே தோட்டைக் கழற்றி முந்தானையில் முடிந்துகொண்டாள். அன்றைக்குக் கழற்றியதுதான்.

பல்லைக் கடித்துக்கொண்டு அழுத்தினாள். தண்டு உள்ளே போயிற்று. ஒரு பொட்டு ரத்தம். திருகாணியை முடுக்கிவிட்டுத் திரும்பினால் வாசல்நிலையில் சாலு நின்றுகொண்டிருந்தாள், இரட்டைச் சடை, சிவப்பு ஸ்வெட்டரை அவளாகவே எடுத்துத் தலைகீழாக ஒரு கை மாட்டியிருந்தாள். அவளுக்கு எல்லாம் தெரியும். அப்பா வீட்டில் இருக்கப் போகிறோம், அங்கே ஸ்கூல், வடிவம்மா என்று ஒரு அம்மா, பெரியம்மா லீவுக்கு வருவாள் என்று நயினார் சொல்லிச் சொல்லிப் பாடமாகியிருந்தது. பக்கத்துக் குவார்ட்டர்ஸ் பிள்ளைகளிடம் இந்தியில் பெருமைகூட அடித்துவிட்டு வந்திருந்தாள். இப்போது பெரியம்மாவின் காதையே பார்த்தாள்.

"பெரிம்மா, அந்த அம்மாவுக்குக் காது இருக்கா?"

"எல்லாருக்கும் இருக்கும்ட்டி."

"குத்துமா?"

செண்பகவல்லி உட்கார்ந்து ஸ்வெட்டரைக் கழற்றி நேராக மாட்டிப் பொத்தான் போட்டுவிட்டாள். ஒரு பொத்தான், இரண்டு, மூன்று. "போ, பெரியப்பாகிட்டப் போய் ஷூ மாட்டிக்கோ" என்று அனுப்பிவிட்டுக் கட்டிலில் உட்கார்ந்தாள். ரயிலில் சொல்லிக்கொள்ளலாம். அங்கே போய்ச் சொல்லிக்கொள்ளலாம். கல்யாண வீட்டுக் கூட்டத்தில் எப்படிச் சொல்வது, புதுப்பெண்ணைத் தனியாகக் கூப்பிட்டு நான் பொய் சொன்னேன் என்று சொல்ல எத்தனை பேர் கண்ணுக்கு முன்னால் அவளை இழுக்க வேண்டும், மறுபடியும் நாலு பேருக்கு வெட்கப்பட்டு நின்றுவிட மாட்டாளா? சொல்லாமலே வந்துவிட்டால்தான் என்ன, பிள்ளைகள் எதையும் நாலு நாளில் மறந்துவிடும். மறந்துவிடுமா? மறந்துவிட்டால் சந்தோஷமா உனக்கு? போன் அடித்தது. வடிவு.

"அக்கா, கிளம்பியாச்சா? ஸ்டேஷனுக்குப் போயிட்டா சத்தத்துல கேக்காதேன்னு இப்பவே பண்ணுதேன்." அதே நடுக்கம். "பிள்ளைக்குத் தனிக் கட்டில் வாங்கியாச்சுக்கா. சின்னது, சுத்தி மரக்கம்பி அழி வச்சது. நீங்க சொன்ன மாதிரியே பக்கத்து ரூம்ல போடச் சொல்லியிருக்கேன். அவ பாட்டுக்கு இருக்கட்டும், நான் கிட்டப் போய்த் தொந்தரவு பண்ண மாட்டேன். தொட மாட்டேன்க்கா, நீங்க பயப்படாதிய. என் தம்பியள நான்தான் தூக்கி வளத்தேன், பிள்ளையப் பாத்தா எனக்குக் கை தானாப் போவும், அதான் இப்பவே மனசைக் கட்டிப் போட்டுப் பழகுதேன்" என்று சொல்லிவிட்டுச் சிரித்தாள்.

வெளியே ஆட்டோ வந்து நின்ற சத்தம் கேட்டது. நயினார் பெரிய பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனார்.

"வடிவு, நான் அன்னைக்குச் சொன்னது பொய்."

"என்னதுக்கா?"

"தொட்டா அவளுக்குப் புடிக்காதுன்னு சொன்னேன்லா, அது பொய். நான் வேணும்னே சொன்னேன். அவ உன்கிட்ட ஒட்டிறக் கூடாதுன்னு சொன்னேன்." நிறுத்தினால் அப்புறம் வராது என்று மூச்சு விடாமல் சொன்னாள். "அவளைத் தனியாப் போடாத. அந்தக் கட்டில் வேண்டாம். பக்கத்துல படுக்கவச்சுக்கோ. காதைப் புடிச்சுக்கிட்டுத்தான் தூங்குவா. புடிச்சா கையைத் தட்டி விட்டுறாத, வலிச்சாலும் பேசாம இரு, கொஞ்ச நேரந்தான்."

அந்தப் பக்கம் போனை வைத்துவிட்டாளோ என்று நினைத்தாள். வைத்திருந்தாலும் நியாயம்தான். அப்புறம் மூக்கை உறிஞ்சுகிற சத்தம் வந்தது.

"எந்தக் காதுக்கா?"

"இடது காது." செண்பகவல்லி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "படுக்கப் போறதுக்கு முன்னால தோட்டைக் கழட்டி வச்சிரு. கல்யாணப் பொண்ணு காதை மூளியாப் போடலாமான்னு யாராவது ஏதாவது சொல்வாங்க. சொல்லட்டும். திருகாணி அவ விரல்ல குத்தும்."

"சரிக்கா," என்றாள் வடிவு. "எழுதிக்கிட்டேன்."

போனைக் கைப்பையில் போட்டாள். வாசலில் நயினார் ஆட்டோக்காரனோடு பேச்சுக் கொடுத்துக்கொண்டிருந்தார், சாலு அதற்குள் ஏறி உட்கார்ந்து ஹாரனை அடித்துப் பார்த்தாள். "ஏட்டி செண்பகம், பூட்டு எங்க?" என்று அவர் கூப்பிட்டார். எழுந்து பூட்டை எடுத்தாள், சின்னப் பெட்டியை எடுத்தாள், கண்ணாடியைக் கடக்கும்போது நின்றாள். கீழே வைத்துவிட்டு, இடது காதில் சற்று முன்னால் ரத்தம் வர முடுக்கிய திருகாணியைத் திருப்பித் திருப்பிக் கழற்றினாள். தோட்டை முந்தானை நுனியில் முடிந்து இடுப்பில் செருகிக்கொண்டாள். திருநெல்வேலியில் இறங்கும்போது போட்டுக்கொள்ளலாம். ரயிலில் இன்னும் இரண்டு ராத்திரி இருக்கிறது.